கீழே இறங்கி வந்த வேலி

இலங்கையின் மலைநாட்டில், வெலிமடைப் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் மரக்கறிக் காணி ஒன்று இருக்கிறது. பெருந்தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து முப்பத்தெட்டு வருடம் உழைத்த அப்பா, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியோடு அம்மாவின் நகைகளையும் சேர்த்து வாங்கிய காணி அது. லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்துக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கிடைத்த முதல் நிலமும் அதுதான். கீழே பிரதேச சபையின் பாதை. அங்கிருந்து சரிவாக ஏறி, மேலே ஒரு மண்கரையில் காணி முடிகிறது. கரையின் விளிம்பில் கிளிரிசீடியாக் கட்டைகளை நட்டு வளர்த்த உயிர்வேலி, அதன் ஓரமாக மழைநீர் ஓடும் ஒரு கான், மேற்கு முனையில் எந்தக் காலத்திலோ முளைத்த ஒரு பலாமரம். வேலிக்கு அப்பால் இருப்பது பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் காணி. அப்பா அவரை அண்ணே என்பார். அவர் அப்பாவைத் தம்பி என்பார். இருபது வருடங்களாக அந்த வேலியைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஒரு கார்த்திகை மழையில் கிழக்குப் பக்கத்துக் கரை சரிந்து, வேலியின் ஒரு பகுதியும் மண்ணோடு கீழே வந்தது. மழை விட்டபின், வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த பெரியவரின் மகன் புதுக் கட்டைகளை வெட்டி, சரிந்த மண்ணின் அடிவாரத்தை ஒட்டி வேலியை மறுபடி நட்டுவிட்டார். நடுவதற்கு முன் எங்களை அழைக்கவில்லை. அப்பா கயிறு பிடித்துப் பார்த்தபோது கிழக்கு முனையில் மூன்று அடி எங்கள் பக்கம் வந்திருந்தது. மேற்கு நோக்கிப் போகப் போக அது குறைந்து பலாவின் அடியில் இல்லாமல் போனது. மேல்எல்லையின் நீளம் 181.5 அடி. அந்த முக்கோணத்தைக் கணக்கிட்டால் 272.25 சதுர அடி, அதாவது அச்சொட்டாக ஒரு பேர்ச். நான்கு வரிசை லீக்ஸ் நடக்கூட இடம் போதாது. ஆனால் தோட்டத்து மக்களுக்கு அரசு வீடு கட்டித் தரும்போது ஒதுக்கிய நிலமே ஏழு பேர்ச், 1,906 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. அந்த ஏழுக்காகப் பல வருடம் காத்திருந்த சொந்தக்காரர்களைக் கொண்ட ஒரு வீட்டில், ஒரு பேர்ச் போனால் போகட்டும் என்று சொல்வதற்கு யாருக்கும் வாய் வராது.

அப்பா போய்க் கேட்டபோது மகன் கோபப்படவில்லை. அவரிடம் ஒரு வாதம் இருந்தது. "சித்தப்பா, ஒங்க பிளான்ல மேலயிருந்து ரோட்டுக்கு நூத்தி இருவது அடிதான் போட்டிருக்கு. நான் டேப் வச்சு இழுத்துப் பாத்தேன், நூத்தி முப்பத்திரண்டு வருது. கூடுதலா இருக்கிறது எங்க பக்கத்து மண்தானே?" அளவு பொய்யில்லை. நானும் டேப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எனக்கும் 132 அடிதான் வந்தது. ஒரு வாரம் வரைக்கும் நாங்கள்தான் பன்னிரண்டு அடியைப் பிடித்து வைத்திருக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது.

மலைநாட்டில் வேலிச் சண்டைகள் பல இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன். நில அளவையாளர் வரைபடத்தில் குறிப்பது கிடைத்தளத் தூரத்தையே அன்றி, சரிவின் மேல் நடந்து போகும் தூரத்தை அல்ல. சரிவு 25 பாகை இருந்தால், வரைபடத்தில் 120 அடியாக இருப்பது தரையில் டேப் பிடிக்கும்போது ஏறத்தாழ 132 அடியாகத்தான் இருக்கும். பரப்பும் அப்படியே: உறுதியில் இரண்டு ரூட், அதாவது அரை ஏக்கர், என்று எழுதியிருக்கும் காணியைச் சரிவோடு சரிவாக அளந்தால் எட்டுப் பேர்ச்சுக்கு மேல் கூடுதலாகத் தெரியும். ஆகவே அடுத்தவனின் காணியை டேப்பால் அளக்கிறவனுக்கு அவன் எப்போதும் களவாளியாகத்தான் தென்படுவான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இந்த வம்பு வர வாய்ப்பே இல்லை.

அந்த மூன்றடியைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தேடத் தொடங்கிய பிறகுதான், வேலிக்கு என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த சட்டம் நம்மிடம் இல்லை என்பதும், வேலியைத் தொடும் விதிகள் பல கட்டளைச்சட்டங்களிலும் பழைய தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன என்பதும் தெரிந்தது. வேலிக்காக இரண்டு தோட்டக்காரர்களும் சமமாகச் செலவிட வேண்டும், முட்கம்பி இத்தனை வரிசை இருக்க வேண்டும் என்றெல்லாம் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் என்றாலே தேசவழமைதான் சட்டம் என்று எண்ணுகிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். 1707-இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை வடக்கின் தமிழருக்கு உரியது. கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு உரியது. மலையகத் தமிழர் இரண்டுக்கும் வெளியே, உரோம டச்சுச் சட்டமும் எழுதிய சட்டங்களும் சேர்ந்த பொதுச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம்.

அந்தப் பொதுச் சட்டத்தில் வேலி ஒரு சாட்சி. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. இரண்டு காணிகளின் எல்லைக் கோட்டில் நிற்கும் வேலியையோ மதிலையோ யார் எழுப்பினார் என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், அது இருவருக்கும் பொதுவானது என்று சட்டம் அனுமானிக்கும். ஒருவர் மற்றவரைக் கேட்காமல் அதைப் பிடுங்கவோ நகர்த்தவோ முடியாது. ஆனால் எல்லை எங்கே என்ற கேள்விக்கு விடை உறுதியின் அட்டவணையிலும் வரைபடத்திலும்தான் இருக்கும். எங்கள் காணியின் மூல உறுதியை எடுத்து வாசித்தேன். அதில் ஏக்கரும் இல்லை, பேர்ச்சும் இல்லை. குரக்கன் விதைப்பாடு இத்தனை லாஹ என்று தானிய அளவில் இருந்தது. எவ்வளவு தானியம் விதைக்கலாமோ அவ்வளவு நிலம் என்பது கண்டிய நாட்டின் பழைய அளவுமுறை. மண்ணின் வளத்தைப் பொறுத்து அது ஊருக்கு ஊர் மாறும். எல்லைகளும் அப்படியே: வடக்கே கான், கிழக்கே இன்னாருடைய காணியின் வேலி. அந்த இன்னார் இறந்து பல காலம் ஆகியிருக்கும், அந்த வேலியும் உக்கிப் போயிருக்கும். இப்படிப்பட்ட உறுதியில் எல்லைகள் தெளிவாக இருந்து பரப்பு மட்டும் பொருந்தாவிட்டால், எல்லைகளே மேலோங்கும் என்பது நீதிமன்றங்களின் நெடுங்கால நிலைப்பாடு. உறுதியைப் பதிவு செய்துவிட்டோமே என்ற நிம்மதியும் பாதி நிம்மதிதான். 1927-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறதே தவிர, அதில் சொல்லப்பட்ட எல்லை சரியானது என்று உறுதியளிப்பதில்லை. காணித்துண்டைப் புதிதாக அளந்து உரித்தையே பதியும் முறை 1998-ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்தது. பிம்சவிய என்ற பெயரில் அது இன்னும் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

வெலிமடை நகரில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். அவர் உறுதியை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "இந்த வேலி எத்தனை வருசமா இந்த இடத்தில் நிக்குது?" என்பதுதான். 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி, ஒரு நிலத்தைப் பத்து வருடம் தடையின்றி, இன்னொருவரின் உரிமையை ஏற்காமல், தன்னுடையதாகவே ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். வேலி அந்த ஆட்சிக்கு மிக வலுவான சான்றாகிவிடும். பக்கத்துக் காணிக்காரரின் அனுமதியோடு வைத்திருந்த நிலத்துக்கு இந்தப் பத்து வருடம் ஓடாது. கூட்டு உரித்தாளர்களுக்கு இடையிலும், ஒருவர் மற்றவரை வெளிப்படையாக விலக்கி வைத்தார் என்று காட்டாதவரை அது ஓடுவதில்லை. கிளிரிசீடியா வேலி நகர்வது எப்படி என்று மலையில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டை பட்டுப்போகிறது; புதிய கட்டையைப் பழைய குழியில் நட முடியாமல் ஒரு சாண் தள்ளி நடுகிறோம். அடுத்த தடவை இன்னொரு சாண். யாரும் திருட நினைக்கவில்லை. ஆனாலும் பத்து வருடத்தில் வேலி ஒரு முழம் நடந்திருக்கும்.

இந்தப் பத்து வருட விதியைப் பற்றித் தோட்டங்களில் பெரிய நம்பிக்கை ஒன்று உலவுகிறது. அது மிகவும் தவறானது. லயத்துக்குப் பின்னால் பாட்டன் காலத்திலிருந்து மரக்கறி போட்டு வேலி அடைத்து வைத்திருக்கும் துண்டு, காலம் ஆகிவிட்டதால் நமக்கே சொந்தம் என்று என் சித்தி உட்படப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே கட்டளைச்சட்டம் அரசின் உரிமைகளை அது பாதிக்காது என்றும் சொல்கிறது. 1972-இலும் 1975-இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992-இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைப் பொறுப்பேற்றன. அவை வைத்திருப்பது 53 வருடக் குத்தகை மட்டுமே. நிலம் இன்னும் அரசுடையது. ஆகவே எழுபது வருட வேலியானாலும் அங்கே அது உரித்தைத் தராது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டதால் மற்றவர்களுக்குக் கிடைத்த குடியேற்றக் காணிகளும் எங்கள் பெரியவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் ஆட்கள் வேலியின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பதன் காரணம் விளங்கும். அவர்களிடம் உறுதி இல்லை, வரைபடம் இல்லை. கையால் கட்டிய வேலி மட்டும்தான் இருந்தது.

சட்டத்தரணி அடுத்துச் சொன்னதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. வேலி நகர்ந்து ஏற்கெனவே ஐந்து வாரம் ஆகியிருந்தது. "சொந்தக்காரங்க மாதிரிப் பழகினவங்க, பெரியவர் பேசித் தீர்த்துடுவார்" என்று அப்பா பொறுத்திருந்தார். 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின் கீழ், காணிப் பிணக்கால் அமைதி குலையக்கூடும் என்றால் பொலிசாரோ பிணக்கில் உள்ள ஒருவரோ நீதிமன்றத்துக்குத் தகவல் இடலாம். அங்கே நீதவான் உரித்தைப் பார்ப்பதில்லை. தகவல் இட்ட நாளில் நிலம் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதை மட்டுமே பார்ப்பார். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரை மறுபடி ஆட்சியில் அமர்த்தலாம். இரண்டு மாதம் கடந்துவிட்டால், வேலியை நகர்த்தியவர்தான் ஆட்சியில் இருப்பவர். மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சியை மீட்கும் வழக்குக்கு ஒரு வருட அவகாசம் உண்டு, உரித்து வழக்கு அதற்குப் பிறகும் உண்டு. ஆனால் அவை செலவும் காலமும் தின்னும் பாதைகள். அயலவரோடு பொறுமையாக இருப்பது நல்ல குணம்தான். அந்தக் குணம் எங்களுக்கு ஐந்து வாரத்தைத் தின்றுவிட்டிருந்தது. அன்றைக்கே பொலிசுக்குப் போய் முறைப்பாடு பதிந்தோம். புத்தகத்தில் எழுதிக்கொண்ட உத்தியோகத்தர், "வேலிச் சண்டையா? மத்தியஸ்த சபைக்குப் போங்க" என்று சொல்லி, ஒரு தொலைபேசி அழைப்புக்காக எழுந்து போனார். முறைப்பாட்டின் பிரதியைப் பெறவே இன்னும் இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது.

மத்தியஸ்த சபைகள் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. ஒவ்வொரு தரப்பும் பட்டியலிலிருந்து ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். சட்டத்தரணிகள் அங்கே வாதாடுவதில்லை. இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்திடுவார்கள். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்கானால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. எங்கள் விசாரணை ஒரு ஞாயிறு காலை, ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மூன்று பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு, அவர் எங்கள் உறுதியைத் தொடக்கூட இல்லை; பழைய வேலி எங்கே இருந்தது என்பதற்குத் தரையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரை இரண்டு வீட்டாரும் பாதிப் பாதிச் செலவில் வரவழைப்பது, அவர் காட்டும் கோட்டை ஏற்பது என்று அன்றைக்கு எழுதினோம். இதையே மாவட்ட நீதிமன்றத்தில் எல்லை வரையறை வழக்காகப் போட்டிருந்தாலும் நீதிமன்றம் ஒரு நில அளவையாளரைத்தான் அனுப்பியிருக்கும். அந்த வழக்கில் இரு தரப்பும் வழக்காளியாகவும் எதிராளியாகவும் ஒருசேர நிற்கிறார்கள்; முன்பு இருந்த எல்லை அழிந்தோ தெளிவிழந்தோ போயிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எல்லை தெளிவாகத் தெரிந்திருக்க ஒருவர் தாண்டி வந்துவிட்டார் என்றால், அது உரித்து வழக்காகத்தான் போக வேண்டும்.

அளவையாளர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகன் டேப்பைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்; டேப்பின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையை இடுப்பு உயரத்திலும் பிடிக்கச் சொல்லி, சரிவையும் கிடைத்தளத்தையும் அங்கேயே செய்து காட்டினார். கிழக்கில், சரிந்த மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கியபோது, வரைபடக் கோட்டிலேயே பழைய கிளிரிசீடியாவின் மூன்று வேர்க்குற்றிகள் தென்பட்டன. அதோடு எங்கள் பக்கம் வென்றது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மேற்கே நகர்ந்து பலாவுக்கு அருகே நின்று அப்பாவைப் பார்த்தார். அங்கே எங்கள் கட்டைகள் கோட்டைத் தாண்டி முக்காலடி மேலே இருந்தன. அப்பா தன் கையால் வருடா வருடம் மாற்றி நட்ட கட்டைகள். "நான் ஏத்தி வைக்கல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பலாமரம் கோட்டின் நடுவிலேயே நின்றது.

கரைதான் மிஞ்சிய கேள்வி. கரை மேல்காணியைத் தாங்குவதால் அது தங்களுக்கு உரியது என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். கோடு எங்கே போகிறதோ அதுவே உரித்து. ஆனால் தாங்கும் உரிமை என்பது உரோம டச்சுச் சட்டத்தில் தனியாகவே இருக்கிறது. அயல் நிலம் சரியும்படி என் நிலத்தை நான் தோண்டக்கூடாது, என் நிலமாகவே இருந்தாலும். லீக்ஸுக்குப் பாத்தி அகலப்படுத்த நாங்கள் கரையின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிவந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சரிவில் மழைக்கு மட்டுமன்றி எங்கள் மண்வெட்டிக்கும் பங்கிருந்தது. தண்ணீருக்கும் இதேபோல ஒரு விதி உண்டு. மேலிருந்து இயல்பாக வழியும் மழைநீரைக் கீழ்க்காணி ஏற்றே ஆக வேண்டும். அதே நேரம் அதை ஒரு கானில் கூட்டிக் கீழ்க்காணியின் ஒரு மூலையில் கொட்டுவதற்கு மேல்காணிக்கு உரிமையில்லை. பெரியவரின் கான் கிழக்கு முனையில்தான் வந்து விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தவறும் ஒரே இடத்தில் சந்தித்திருந்தன. கரைக்குக் கல்லுக்கட்டு, கானைப் பாதையோரத்துக்குத் திருப்புவது என்று இணக்கத்தில் சேர்த்தோம்.

வேலியோரத்து மற்ற விஷயங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். மாடு புகுந்து பயிரைத் தின்றால், நீ வேலி போடவில்லையே என்று மாட்டுக்காரர் எளிதில் தப்பிவிட முடியாது. பயிருக்கு வந்த சேதம் அவர் பொறுப்பு. மேலிருந்து நீட்டி வரும் கிளையை அயலவர் வெட்ட மறுத்தால் சட்டம் வழி தருகிறது. ஆனால் பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், இரு வீட்டாரும் சம்மதித்தாலும். பன்றிக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பிக்குக் கொடுப்பது குற்றம். அதில் அந்தக் காணியின் ஆட்களோ அயலவரோகூடச் செத்துப்போகலாம். கம்பிச் சுருக்கும் அப்படியே. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் வைத்த சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்து போனது. பன்றிக்கு வைத்தேன் என்பது வனவிலங்குச் சட்டத்தின் முன் செல்லுபடியாகாது.

இப்போது எங்கள் மேல்எல்லையில் நான்கு கொங்கிரீட் எல்லைக்கற்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கயிறு பிடித்து நட்ட கிளிரிசீடியா மறுபடி வளர்ந்துவிட்டது. தை மாதத்தில் அப்பா கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்; பட்டுப்போன கட்டையை மாற்றும்போது அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்து, மகனும் வந்து நின்ற பிறகுதான் குழி தோண்டுகிறார். வெட்டிய தழையில் மேல்பாதி அவர்களுடைய ஆடுகளுக்கு, கீழ்ப்பாதி எங்கள் உரக்குழிக்கு. பலாவைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. போன தடவை பதினொரு காய் காய்த்தது; அவர்களுக்கு ஆறு, எங்களுக்கு ஐந்து. அடுத்த தடவை நமக்குத்தான் ஒன்று கூட என்று அம்மா கணக்கு வைத்திருக்கிறார்.